ஆறாத புண், எதிர்பாராத இடம்: செதில் செல் புற்றுநோயைக் கண்டறிவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நோய்க்குறியியல் மருத்துவர். பயாப்ஸித் துண்டுகளை, அதாவது பரிசோதனைக்காக எடுத்த சதைத் துண்டுகளை, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் லேப் வாசலிலேயே நின்று கேட்கும் சந்தேகங்கள் இத்தனை வருடத்தில் பெரிதாக மாறவில்லை. வாயிலும் கர்ப்பப்பை வாயிலும் வரும் என்று கேள்விப்பட்ட நோய், கால் தழும்பிலோ நகத்தடியிலோ சினைப்பையிலோ வந்துவிட்டால் வீட்டார் குழம்பிப் போகிறார்கள். சில சமயம் மருத்துவர்களும்தான். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ரிப்போர்ட்ல ஸ்குவாமஸ் செல் கார்சினோமான்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன டாக்டர்?

நம் தோலின் மேல்பரப்பு, வாயின் உட்புறம், உணவுக்குழாய், கர்ப்பப்பை வாய், ஆசனவாய் ஆகியவற்றைத் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. மீன் செதிலைப் போலத் தட்டையாக இருப்பதால் அவற்றுக்குச் செதில் செல் என்று பெயர். உராய்வைத் தாங்குவதற்கான போர்வை இது. மேலே இருப்பவை உதிர உதிர, அடி வரிசையிலிருந்து புதியவை ஏறி வரும்.

அந்தச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, அடியில் உள்ள மெல்லிய சவ்வைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் அது செதில் செல் புற்றுநோய். இறங்காமல் போர்வைக்குள்ளேயே நின்றால் 'இன் சிட்டு' என்று எழுதுவோம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அதனால் அந்தச் சொல் இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் தேடிப் பாருங்கள்.

எந்த இடத்துல வந்தா 'வழக்கமில்லாத இடம்'னு சொல்றீங்க?

இரண்டு வகை. முதல் வகையில், செதில் செல் போர்வை அங்கே இயல்பாகவே உண்டு, ஆனால் இந்த நோயை யாரும் அங்கே எதிர்பார்ப்பதில்லை: நகத்தின் அடி, பழைய தீக்காயத் தழும்பு, கண்ணின் வெண்விழிப் படலம், இடுப்பு மடிப்பு. இரண்டாம் வகையில் அந்தப் போர்வையே அங்கு கிடையாது: சிறுநீர்ப்பை, சிறுநீரகம், பித்தப்பை, சினைப்பை, தைராய்டு, மார்பகம்.

எது வழக்கம் என்பதை ஊர்ப் பழக்கமும் தீர்மானிக்கிறது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் உண்டு, பெண்களிடம் அதிகம். மற்ற ஊர்களில் மேல் அண்ணத்தில் இந்தப் புற்றுநோய் அபூர்வம். அங்கே மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னதும் முதலில் பார்ப்பதே மேல் அண்ணத்தைத்தான். 'என்ன தொழில், என்ன பழக்கம்' என்று மருத்துவர் கேட்டால் அது வம்புப் பேச்சு இல்லை, நோயறியும் வேலையின் ஒரு பகுதி. லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளர்களின் விரைப்பைத் தோலில் வந்த புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று 1775-இல் எழுதியது, இப்படித் தொழிலையும் சேர்த்துப் பார்த்ததால்தான்.

அந்த செல்லே இல்லாத இடத்துல இந்த கேன்சர் எப்படி வரும்?

உடம்பு தன் உள்ளுறைகளை மாற்றிக்கொள்ளக் கூடியது. ஒரு உறுப்பின் உட்புறத்தைக் கல்லோ, குழாயோ, கிருமியோ வருடக்கணக்கில் உறுத்திக்கொண்டே இருந்தால், அங்கிருந்த மென்மையான செல்கள் விலகி, தாங்கும் சக்தி உள்ள செதில் செல்கள் வந்து உட்கார்ந்துவிடும். இந்த மாற்றமே புற்றுநோய் ஆகிவிடாது. ஆனால் உறுத்தல் நிற்காமல் தொடர்ந்தால் சிலருக்கு அடுத்த படியாகப் புற்றுநோய் வரலாம்.

எகிப்தில் நைல் நதிப் படுகையில் சிஸ்டோசோமா என்ற புழுத் தொற்றால் சிறுநீர்ப்பையில் செதில் செல் புற்றுநோய் நெடுங்காலம் மிகுதியாக இருந்தது இப்படித்தான். நம் ஊரில் அந்தப் புழு பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் முதுகுத்தண்டு அடிபட்டு வருடக்கணக்கில் சிறுநீர்க் குழாயோடு வாழ்பவர்களும், சிறுநீரகத்தில் மான்கொம்பு போலக் கிளைத்த கல்லைப் பல வருடம் வைத்திருப்பவர்களும் நமக்கு உண்டு. செயலிழந்த சிறுநீரகம் என்று எடுத்து அனுப்புவார்கள். கல்லைச் சுற்றித் தடித்திருக்கும் சுவரை வெட்டிப் பார்க்கும்போதுதான் உள்ளே புற்றுநோய் இருப்பது தெரியும். கல்லுக்காக எடுத்த உறுப்பானாலும் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்பாவுக்கு சின்ன வயசுல கால்ல தீக்காயம். நாற்பது வருசம் கழிச்சு அந்தத் தழும்புலயே புண் வந்திருக்கு. பழைய காயம்தானேன்னு விட்டுடலாமா?

விடக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். பழைய தழும்பில் வரும் இந்த நோய்க்கு மார்ஜொலின் புண் என்று பெயர். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ழான் நிக்கோலா மார்ஜொலின் 1828-இல் தழும்பில் வரும் புண்களைப் பற்றி எழுதினார். அவை புற்றுநோய் என்று அவர் சொல்லவில்லை, பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். காயம் பட்டதிலிருந்து நோய் தலைகாட்ட சராசரியாக 30 வருடம் ஆகலாம். அதற்குள் காயம் பட்ட கதையே வீட்டில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

தோல் ஒட்டு வைக்காமல் தானாக ஆறிய தீக்காயத் தழும்பு, முழங்காலுக்குப் பின்னால் போல நீட்டி மடக்கும்போது அடிக்கடி வெடிக்கும் தழும்பு, எலும்புச் சீழ் வடிந்துகொண்டே இருக்கும் துளை, தீராத பவுத்திரம், ஆறாத சர்க்கரைப் புண் ஆகியவை எல்லாம் இதே கணக்கில் வரும். எத்தனையோ வருடம் ஒரே மாதிரி இருந்த புண் குணம் மாறுவதுதான் அடையாளம்: ஓரம் தடித்து மேலெழும், காலிஃபிளவர் போலச் சதை வளரும், தொட்டால் ரத்தம் கசியும், வாடை மாறும், வலிக்காமல் இருந்தது வலிக்கத் தொடங்கும். கட்டு மாற்றுகிறவர்தான் இதை முதலில் கவனிப்பார். பெரும்பாலும் அது வீட்டில் ஒரு பெண். அவர் 'இந்த வாரம் வேற மாதிரி இருக்கு' என்று சொன்னால் அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

அம்மாவுக்கு உள்பாவாடை நாடா கட்டுற இடத்துல கருத்துப்போய் புண்ணா இருக்கு. இதுலகூடவா வரும்?

அபூர்வம், ஆனால் வரும். நாடா ஒரே இடத்தில் இறுக்கி, வியர்வையும் உராய்வும் சேர்ந்து, தோல் நிறம் மாறித் தடித்து, பல வருடம் கழித்து ஆறாத புண்ணாகிப் புற்றுநோயானவர்கள் உண்டு. வேட்டி கட்டும் இடுப்பில் வரும் இதே நோயை மும்பையின் நோய்க்குறியியல் மருத்துவர் கானோல்கர் 1945-இலேயே பதிவு செய்திருக்கிறார். காஷ்மீரில் குளிருக்காகக் கம்பளி அங்கிக்குள் கங்கிரி என்ற கரிநெருப்புச் சட்டியை வைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு படும் தொடையிலும் அடிவயிற்றிலும் வருவது கங்கிரி புற்றுநோய்.

இடுப்பில் கருமை இருக்கிற எல்லாருக்கும் வரும் என்று பயப்பட வேண்டாம். நாடாவுக்குப் பதில் அகலப் பட்டையாகத் தைத்துக்கொள்ளலாம், கட்டும் இடத்தைக் கொஞ்சம் மேலே கீழே மாற்றலாம். ஆனால் புண் ஆகி, சில வாரம் மருந்து போட்டும் ஆறவில்லை என்றால், களிம்பை மாற்றிக்கொண்டே இருக்காமல் பயாப்ஸி எடுங்கள்.

கட்டைவிரல் நகத்துல ரெண்டு வருசமா நகச்சுத்துன்னு மருந்து போடுறோம். சரியாகவே மாட்டேங்குது. ஏன்?

நகத்தடியில் வரும் செதில் செல் புற்றுநோய் நகச்சுற்று, பூஞ்சை, மரு என்று பல பெயரில் ஒளிந்திருக்கும். எனக்கு வந்த ஒரு துண்டு நினைவில் நிற்கிறது. பயறு அளவுதான் இருக்கும். கூட வந்த சீட்டில் 'நாள்பட்ட நகச்சுற்று' என்று மட்டும் எழுதியிருந்தது. நகத்தோடு சேர்த்து எடுத்திருந்ததால் நகத்தடிப் படுகை முழுதாகக் கிடைத்தது. அடி வரிசைச் செல்கள் விரல் விரலாகக் கீழே இறங்கியிருந்தன. நகத்தை விட்டுவிட்டுப் பக்கத்துச் சதையை மட்டும் கிள்ளி அனுப்பியிருந்தால் நானும் 'அழற்சி' என்றுதான் எழுதியிருப்பேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி 16 வைரஸ்தான் நகத்தடிப் புற்றுநோயிலும் பலருக்குக் காணப்படுகிறது. ஒரே ஒரு விரலில் மட்டும், மாதக்கணக்கில், மருந்துக்கு மசியாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பூஞ்சை என்றால் பெரும்பாலும் மற்ற நகங்களிலும் கொஞ்சம் தெரியும். நகத்தைத் தூக்கிப் பயாப்ஸி எடுப்பதோடு, விரல் எலும்பு அரித்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் வேண்டும்.

காதுல சீழ் வடியறது இருபது வருசமா இருக்கு. அதுல என்ன புதுசா பயம்?

தழும்புக்குச் சொன்னதுதான் இங்கும்: குணம் மாறுகிறதா என்று பாருங்கள். சீழோடு ரத்தம், இதுவரை இல்லாத ஆழ்ந்த வலி, ஒரு பக்க முகம் கோணுவது ஆகியவை நடுக்காதுப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். காதுக்குள் வளரும் சதையை எடுத்தால் அதையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சதை எடுத்து டெஸ்ட் பண்ணா கேன்சர் கிளறி விட்ட மாதிரி பரவிடும்னு சொல்றாங்களே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இந்தப் பயத்தால் ஆறு மாதம் தள்ளிப் போட்டு வந்தவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கும். முறையாக எடுக்கும் பயாப்ஸியால் தோலிலோ வாயிலோ உள்ள புற்றுநோய் பரவிவிடாது. பயாப்ஸி முடிந்து ரிப்போர்ட் வருவதற்குள் புண் பெரிதாகத் தெரிந்தால், அது ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்ததுதான்.

எங்கே எப்படி எடுப்பது என்பதில் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. சினைப்பைக் கட்டியை வயிற்றுக்குள் உடைத்துவிடாமல் முழுதாக எடுப்பது நல்லது. கழுத்து நெறிக்கட்டை வெட்டி எடுக்கும் முன் ஊசிப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

ரெண்டு தடவை சதை டெஸ்ட் எடுத்தாச்சு. ரெண்டுலயும் கேன்சர் இல்லன்னு வந்துச்சு. ஆனா புண்ணு பெருசாகுதே?

ரிப்போர்ட் சொல்வது 'இந்தத் துண்டில் புற்றுநோய் தெரியவில்லை' என்று மட்டும்தான். புண் முழுதுக்குமான நற்சான்று இல்லை அது. கண்ணுக்குத் தெரியும் புண்ணும் ரிப்போர்ட்டும் ஒத்துப் போகவில்லை என்றால், மூன்றாம் தடவையும் எடுக்கத்தான் வேண்டும். நான்கு காரணங்களால் தவறிப் போகலாம்.

முதலாவது, இடம். புண்ணின் நடுவில் செத்த திசுவும் சீழும்தான் இருக்கும். தடித்த ஓரத்திலிருந்து, பக்கத்து நல்ல தோலையும் சேர்த்து எடுக்க வேண்டும். பெரிய புண் என்றால் நாலைந்து இடத்தில். இரண்டாவது, ஆழம். வெருகஸ் கார்சினோமா என்று ஒரு வகை உண்டு. பாத அடியில் ஆணி போல, வாயில் வெள்ளைப் பூ போல வளரும். அதன் செல்கள் பார்க்க அப்பாவியாக இருக்கும். மேலாகச் சுரண்டி அனுப்பினால் மரு என்றே தோன்றும். கீழ் விளிம்பு எப்படி இறங்குகிறது என்பது தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது, போலி. காசநோய், ஆழமான பூஞ்சைத் தொற்று, நாள்பட்ட புண் ஆகியவற்றின் ஓரத்தில் செதில் செல்கள் புற்றுநோயைப் போலவே கீழே நீளும். இதனால் இரண்டு பக்கமும் பிழை நேரலாம்: புற்றுநோயைப் போலி என்பதும், போலியைப் புற்றுநோய் என்பதும். இரண்டாவது பிழையில் ஒருவர் காலை இழக்கக்கூடும். அதனால்தான் சந்தேகம் உள்ளபோது 'ஆழமாக மறுபடி எடுத்து அனுப்புங்கள்' என்று எழுதுகிறோம். அது தட்டிக் கழிப்பது இல்லை.

நான்காவது, சீட்டு. 'காலில் புண்' என்று மட்டும் எழுதி வந்தால் நான் என்ன செய்வது? '30 வருடத் தீக்காயத் தழும்பு, மூன்று மாதமாகச் சதை வளர்கிறது' என்று எழுதி வந்தால் அதே துண்டை வேறு கண்ணால் பார்ப்பேன், இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்கச் சொல்வேன். துண்டை எடுத்து வர உங்களிடம் தந்தால், அது ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் முழுதாக மூழ்கியிருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீரிலோ சலைனிலோ ஊறி வரும் துண்டு அழுகி, செல்களின் உருவமே போயிருக்கும்.

மைக்ரோஸ்கோப்புல எதைப் பார்த்து இதுதான்னு சொல்றீங்க?

செதில் செல் கெரட்டின் செய்யும் செல். நகமும் முடியும் அதே பொருள்தான். புற்றுநோயாகி ஆழத்தில் கிடந்தாலும் அந்தப் பழக்கத்தை விடாது. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளையங்களைப் போலச் செல்கள் சுற்றிச் சுற்றிப் படிந்து, நடுவில் இளஞ்சிவப்பாகக் கெரட்டின் மின்னும். இதைக் கெரட்டின் முத்து என்போம். பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவே மெல்லிய ஏணிப் படிகள் போல இணைப்புகளும் தெரியும். இந்த இரண்டில் ஒன்றாவது, இருக்கக் கூடாத ஆழத்தில் இருந்து, முன்பு சொன்ன போலியும் இல்லை என்றால் நோய் உறுதியாகிறது.

'வெல் டிஃபரென்ஷியேட்டட்'னு இருக்கே, வெல்னா நல்லதுதானே?

புற்றுநோய்ச் செல்கள் இயல்பான செதில் செல்லை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதைச் சொல்லும் சொல் அது. ஒத்திருந்தால் பொதுவாக மெதுவாக வளரும். ஆனால் அதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நரம்பைச் சுற்றியிருக்கிறதா, நெறிக்கட்டு உண்டா என்பவையும் பார்க்க வேண்டும். வெயிலால் வரும் சாதாரணத் தோல் புற்றுநோயைவிட மார்ஜொலின் புண் நெறிக்கட்டுக்குப் பரவும் வாய்ப்பு அதிகம், செல்கள் நன்றாக ஒத்திருந்தாலும்கூட.

இப்போ ஐ.ஹெச்.சி டெஸ்டும் பண்ணணும்னு சொல்றாங்க. பணம் பிடுங்கறதுக்கா?

ஐ.ஹெச்.சி என்பது துண்டில் உள்ள புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை. கெரட்டின் முத்து தெளிவாகத் தெரிகிற துண்டுக்கு அது தேவையே இல்லை, நான் எழுதுவதும் இல்லை. செல்கள் உருவம் சிதைந்து இன்ன வகை என்று சொல்ல முடியாதபோது, பி40, சி.கே 5/6 போன்ற புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் செதில் செல் குணம் வெளிப்படும்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பி40 'செதில் செல்' என்று சொல்லும், 'எந்த ஊர்ச் செதில் செல்' என்று சொல்லாது. நுரையீரலில் இருந்து வந்தாலும் உணவுக்குழாயில் இருந்து வந்தாலும் ஒரே நிறம்தான். சிறுநீர்ப்பையின் சாதாரணப் புற்றுநோயிலும் பி40 நிறம் எடுக்கும். ஆகவே இடத்தை அறிய வேறு வழி தேட வேண்டியிருக்கிறது.

கழுத்துல நெறி கட்டியிருக்கு, ஊசி டெஸ்ட்ல ஸ்குவாமஸ்னு வந்துடுச்சு. வாயில பார்த்தா ஒண்ணுமே இல்ல. எங்கிருந்து வந்துச்சு?

நெறிக்கட்டில் செதில் செல் இயல்பாகக் கிடையாது. அப்படியானால் வேறெங்கோ பிறந்து இங்கே வந்திருக்கிறது. பிறந்த இடம் மிகச் சிறியதாக, டான்சிலின் மடிப்பிலோ நாக்கின் அடிப்பகுதியிலோ ஒளிந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஸ்கோப் வைத்துப் பார்ப்பார், பெட் ஸ்கேன் எடுப்பார்கள், தேவையென்றால் டான்சிலையே எடுத்து மெல்லிய சீவல்களாகப் பார்ப்போம். நெறிக்கட்டுத் துண்டில் பி16 என்ற புரதம் பலமாக நிறம் எடுத்தால் டான்சில் பக்கமும், ஈ.பி.வி வைரஸ் தெரிந்தால் மூக்குக்குப் பின்புறமும் சுட்டும்.

நெறி இருக்கும் இடமும் வழிகாட்டும். காறை எலும்புக்கு மேலே என்றால் நுரையீரல், உணவுக்குழாய், கர்ப்பப்பை வாய் வரை தேட வேண்டும். தொடை இடுக்கில் என்றால் ஆசனவாய், பிறப்புறுப்பு, பாதம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வெட்கத்தால் அந்தப் பரிசோதனையைத் தவிர்த்து விடாதீர்கள். இன்னொன்று: 40 வயதுக்கு மேல் கழுத்தில் புதிதாக வரும் நீர்க்கட்டியை, பிறவிக் கட்டி என்று சொல்லி உடனே விட்டுவிடக் கூடாது. டான்சில் புற்றுநோய் பரவிய நெறிக்கட்டு நீர்க்கட்டி போலவே இருக்கும்.

தைராய்டுல ஸ்குவாமஸ் வந்திருக்குன்னா அது தைராய்டு கேன்சரா, வேற இடத்து கேன்சரா?

முதலில் வேறிடம் என்றுதான் நினைக்க வேண்டும். பக்கத்தில் உள்ள குரல்வளை, உணவுக்குழாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றிலிருந்து நேரடியாக ஊடுருவியிருக்கலாம், நுரையீரலிலிருந்து பரவியிருக்கலாம். அவை எல்லாம் இல்லை என்று ஸ்கேனிலும் ஸ்கோப்பிலும் உறுதியான பிறகே 'தைராய்டிலேயே தோன்றியது' என்று எழுதுவோம். அப்படித் தோன்றியதை உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு, அனாபிளாஸ்டிக் தைராய்டு புற்றுநோயின் ஒரு வடிவமாகச் சேர்த்திருக்கிறது. வேகமாக வளரும் நோய். ஆகவே இந்தக் கேள்விக்கான விடையைத் தேடுவதில் வாரங்கள் கழிந்துவிடக் கூடாது. தைராய்டுக்குள் வரும் தைமஸ் (நெஞ்சில் உள்ள ஒரு சுரப்பி) வகைக் கட்டி ஒன்றும் இதே போல் தெரியும், அது ஒப்பீட்டில் சாதுவானது. சி.டி5 சாயம் அதைப் பிரித்துக் காட்டும்.

சினைப்பையில டெர்மாய்டு கட்டின்னு எடுத்தாங்க. சாதாரண கட்டின்னு சொல்லிட்டு இப்போ கேன்சர்ங்கறாங்க. ஏமாத்தறாங்களா?

இல்லை. டெர்மாய்டு கட்டிக்குள் முடி, கொழுப்பு, சில சமயம் பல்கூட இருக்கும். அதன் உட்சுவர் தோல்தான். தோல் இருந்தால் செதில் செல்லும் இருக்கும். 100 டெர்மாய்டுகளில் ஒன்றிரண்டு மட்டும் புற்றுநோயாக மாறும். அவற்றில் மிகுதியும் செதில் செல் வகைதான். பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் வயதிலோ அதற்குப் பிறகோ.

அறுவைக்கு முன் ஸ்கேனில் இதைச் சொல்வது கடினம். கட்டியை வெட்டி, முடியையும் கொழுப்பையும் கழுவிவிட்டு, சுவரை விரலால் தடவிப் பார்க்கும்போது எங்காவது கெட்டியாகத் தட்டுப்பட்டால் அந்த இடத்தைத்தான் நாங்கள் அதிகம் எடுத்துப் பார்ப்போம். அதனால் அறுவை அறையில் 'டெர்மாய்டு மாதிரி இருக்கு' என்று சொன்னதும், பத்து நாளில் ரிப்போர்ட் வேறு சொல்வதும், இரண்டுமே அந்தந்த நேரத்து உண்மை.

பெட் ஸ்கேன்லயே தெரிஞ்சுடுமே, அப்புறம் எதுக்கு சதை டெஸ்ட்? ரத்தத்துல பார்க்க முடியாதா?

பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடத்தை ஒளிரச் செய்து காட்டும். காசநோயும் ஒளிரும், சீழும் ஒளிரும். எங்கே துண்டு எடுக்கலாம், எதுவரை பரவியிருக்கிறது என்று சொல்ல அது உதவும். எஸ்.சி.சி ஆன்டிஜென் என்ற ரத்தப் பரிசோதனை தோல் வியாதியிலும் சிறுநீரகக் கோளாறிலும் கூடும். நோய் இருப்பவருக்கு ஏறாமலும்கூட இருக்கலாம். இந்த நோயைப் பெயரிட்டு உறுதி செய்ய, திசு வேண்டும்.

ரெண்டு ஆஸ்பத்திரியில ரெண்டு மாதிரி சொல்றாங்க. யாரை நம்பறது?

ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாவது இடத்துக்குப் போகாதீர்கள். துண்டிலிருந்து செய்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, புற்றுநோய்க்கென்றே உள்ள மையத்தில் மறுபார்வைக்குக் கொடுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தயங்கிக் கேட்க வேண்டியதும் இல்லை. என் ரிப்போர்ட்டை இன்னொருவர் பார்ப்பதில் எனக்கு வருத்தம் வந்ததே கிடையாது. அபூர்வமான இடத்து நோய்களை நானே மற்றவர்களுக்கு அனுப்பிக் கேட்கிறேன். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் சி.டி, புண்ணின் தேதி போட்ட செல்ஃபோன் படங்கள், எப்போது என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதியது, இவற்றையும் கொண்டு போங்கள். இரண்டு ரிப்போர்ட்டும் முரண்படுவது போல இருந்தாலும், பல சமயம் இரண்டு பேரும் பார்த்தது வெவ்வேறு துண்டாக இருக்கும்.

பிளாக்கைக் கொடுத்துட்டாங்க. வீட்டுல எப்படி வெச்சுக்கறது?

அது மெழுகு. வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் விட்டால் இளகிவிடும், உள்ளே இருக்கும் திசு இடம் பெயரும். ஃபிரிட்ஜ் கட்டாயமில்லை. எறும்பு, எலி அண்டாத டப்பாவில், அடுப்படிக்குத் தள்ளி, நிழலான அலமாரியில் வைத்தால் போதும். பிளாக்கின் ஓரத்தில் பென்சிலில் எழுதிய எண் இருக்கும், அதைத் துடைத்துவிடாதீர்கள். ஸ்லைடுகளை டிஷ்யூ பேப்பரில் தனித்தனியாகச் சுற்றுங்கள், ரப்பர் பேண்ட் போட்டு இறுக்க வேண்டாம். மறுபார்வை முடிந்ததும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்து நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தால், அது பழையதன் தொடர்ச்சியா, புதிதாகப் பிறந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த மெழுகுத் துண்டுதான் வேண்டியிருக்கும்.